நடு மலையில் ஒரு குழவிக்கல்

போன வாரம் குரங்கணிக்கு மேலே, கொட்டும் மழையில், கையில் அம்மிக் குழவியோடு நின்றேன். காலடியில் என் மைத்துனன் சேலை சுற்றிப் படுத்திருந்தான். அந்த வழியாக வந்த ஒருவர் என்னைப் பார்த்து அலறினார் பாருங்கள், அப்படி ஓர் அலறல்!

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நானும் என் மனைவியின் தம்பி செல்வமும் மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்தில் களை வெட்டப் புறப்பட்டோம். அந்தத் தோட்டத்தில் தங்க இடம் கிடையாது. காட்டுக்குள் தழைக் குடிசை போட்டு ஒரு வாரம் இருக்க வேண்டும். அரிசி, பருப்பு, இரண்டு சட்டி, அரிவாள், மாற்று வேட்டி, ஆளுக்கொரு கம்பளி — எல்லாம் ஒரே சாக்கில் அடங்கிவிட்டது. மாற்றி மாற்றிச் சுமந்தால் போதும்.

அதற்குள் போடியில் எங்கள் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது!

மலை எஸ்டேட்டில் சொந்தக்காரர் இல்லாத வீடு எங்கள் தெருவில் உண்டா என்ன? ஒருவர் ஊறுகாய் ஜாடி கொண்டுவந்தார். ஒருவர் பொரிவிளங்காய் உருண்டை. ஒருவர் பேரனுக்கென்று மரக்குதிரை. எனக்கோ, யாராவது எதிரே வந்து நின்றாலே பார்வை தரைக்குப் போய்விடும். ‘முடியாது’ என்ற சொல் தொண்டையைத் தாண்டாது. எல்லாவற்றையும் வாங்கி வைத்தேன்.

கடைசியாக மேலத்தெரு ராக்கம்மா வந்தார். கையில், கோணி வைத்துத் தைத்த ஒரு பொட்டலம்.

“மலைக்குப் போறீகளாமே அண்ணே! எம் மக பேச்சி எஸ்டேட் லயன் வீட்டுலதான் இருக்கா. போற வழிதானே? குடுத்துட்டுப் போயிருங்க.”

உள்ளே என்ன என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஒருவர் தைத்து மூடிக் கொடுப்பதை என்னவென்று கேட்பது மரியாதையா?

வாசலில் என் மனைவி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். “எந் தம்பிக்கு நெஞ்சுச் சளி புடிச்ச ஒடம்பு. சூதானமாக் கூட்டிப் போயிட்டு வாங்க.”

மலையடிவாரத்தில், குரங்கணியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் செல்வம் சாக்கைத் தூக்கினான். தூக்கிய வேகத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

“மச்சான், உள்ள ஆளு யாரும் ஒளிஞ்சிருக்கானா?”

ஏற்றமோ செங்குத்து. இந்தக் கனத்தோடு ஏற முடியாது. சாயாக் கடைப் பெஞ்சில் சாக்கைப் பிரித்தோம். எதை இறக்கி வைப்பது?

“ஊறுகாய வச்சிருவோமா மாப்ளே?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“அடுத்தவுக சாமான எறக்கிட்டு நாளைக்குத் தெருவுல தல காட்ட முடியுமா மச்சான்? நம்மளதக் கொறைப்போம்.”

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எங்கள் சட்டியில் ஒன்று இறங்கியது. அரிசியில் பாதி இறங்கியது. மாற்று வேட்டிகள் இறங்கின. இன்னும் கனம்! கடைசியில் செல்வம் இரண்டு கம்பளிகளையும் உருவி எடுத்தான்.

“இதுதான் கனம். நெருப்பு மூட்டிப் படுத்தாப் போச்சு.”

சாயாக் கடைக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். “ஏப்பு, கம்பளிய வச்சுட்டு மரக்குதிரையச் சொமந்துக்கிட்டா போறீக? மேல போயி சவாரியா?”

சிரித்துக்கொண்டே ஏறினோம்.

பாதி மலை ஏறியதும் முதலில் மூடுபனி வந்தது. பின்னாலேயே மழை. மலை மழையில் நனைந்தவர்களுக்குத் தெரியும் — அது ஊசி. ஒரு பாறை இடுக்குக்குள் ஒதுங்கினோம். நெருப்பா? எதை மூட்டுவது, எல்லாம் ஈரம். செல்வத்துக்குப் பல் அடிக்க ஆரம்பித்தது. உதடு நீலம் பாய்ந்தது. பிறகு நடுக்கம்கூட நின்றுபோய், “தூக்கம் வருது மச்சான்... நீங்க போங்க...” என்று கண்ணை மூடினான்.

வீட்டில் போய் இவன் அக்காவிடம் என்ன சொல்வேன்?

காய்ந்த துணி ஒன்று வேண்டும். ஒரு முழம் போதும்! சாக்கைக் கவிழ்த்தேன். ஜாடி, உருண்டை, குதிரை... அடியில் ராக்கம்மாவின் பொட்டலம். அதற்குள் துணி இருக்குமோ? ஆனால் அது அடுத்தவர் வீட்டுத் தையல். நம்புவீர்களா — அந்த நிலையிலும் கை தயங்கியது. அவன் முகத்தைப் பார்த்தேன். பல்லால் கடித்துத் தையலைப் பிரித்தேன்.

உள்ளே பழைய சேலை. நாலைந்து சுற்று, காய்ந்த நூல் சேலை! அதை உருவ உருவ, கடைசிச் சுற்றில் என் மடியில் விழுந்தது ஒரு கல்.

அம்மிக் குழவி.

கல்லுக்குப் பஞ்சமே இல்லாத மலைக்குக் கல்லையா சுமந்து வந்தோம்? எங்கள் கம்பளிகள் கீழே சாயாக் கடையில் சுகமாக இருக்கின்றன!

அவன் ஈரச் சட்டையைக் கழற்றி, சேலையால் தலைமுதல் கால்வரை சுற்றினேன். உள்ளங்காலைச் சூடு பறக்கத் தேய்த்தேன். குழவி உருண்டு பள்ளத்தில் விழப் போனது. பாய்ந்து பிடித்துக்கொண்டு நிமிர்ந்தேன். எதிரே, அரிசி மூட்டை ஏற்றிய பொதிக் கழுதையோடு ஒருவர்.

“அடப்பாவி! ஆளக் கொன்னுபுட்டு முழிக்கிறதப் பாரு!”

நல்லவேளை, சேலைக்குள்ளிருந்து குரல் வந்தது. “இன்னும் சாகலண்ணே... பீடி இருந்தாக் குடுங்க.”

அந்தப் புண்ணியவான் தன் கம்பளியை அவன்மேல் போர்த்தினார். ஆளுக்கொரு பக்கம் தாங்கி எஸ்டேட் லயனுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். ராக்கம்மா மகள் பேச்சிதான் அடுப்போரம் உட்காரவைத்துச் சுக்குத்தண்ணி கொடுத்தாள். அவன் உதட்டில் பழைய நிறம் திரும்பிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஒன்று புரிந்தது. சுமையை வீட்டு வாசலிலேயே குறைத்துவிட வேண்டும். குரங்கணிக்கு வந்து குறைத்தால் கம்பளிதான் போகும்.

தையலைப் பிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டுக் குழவியைப் பேச்சியிடம் நீட்டினேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். சுற்றிலும் பார்த்தேன்.

“அம்மி எங்கம்மா?”

“அது இனிமேத்தான் வரணும் மாமா. ரெண்டையும் ஒரே ஆளுட்டக் குடுத்தா பாவம், கனமில்ல? அடுத்து வர்ற ஆளுட்ட அம்மியக் குடுத்து விடுறேன்னு ஆத்தா சொல்லிருக்கு.”

அடுத்த மாதமும் எங்களுக்கு மலையில் களை வெட்டு இருக்கிறது. தெருவில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை... ஐயையோ, அதை இப்படிப் பத்திரிகையிலேயே எழுதித் தொலைத்துவிட்டேனே!