பறம்பு என்று எழுதக் கூசிய பேனா

சென்ற வாரம் காருக்கு டயர் மாற்றப் பாறசாலைக்குப் போயிருந்தேன். கடைக்குள் நுழைந்ததும் புது ரப்பரின் வாடை மூக்கில் ஏறியது. கடைக்காரர் கேட்டார்: "சாரே, மலைப்பக்கம் போறதுண்டா? அம்பூரிக்கு ஓடுத வண்டிக்குக் கொஞ்சம் பெரிசாக்கும் போடுகது. உங்களுக்குச் சிறிசு மதியா?"

சிறிது போதுமா, பெரிது வேண்டுமா என்ற அந்தக் கேள்விக்கு ஒருமுறை தவறாக விடை எழுதியவன் நான். அடுக்கிவைத்திருந்த டயரொன்றைப் பிடித்துக்கொண்டேன். நம்புங்கள், இந்த வயதிலும்.

எங்கள் ஊர்களைத் தமிழ்ப் பக்கம் சேர்க்கக் கோரிய எல்லைப் போராட்டம் கொதித்த ஆண்டுகள் அவை. நாகர்கோவிலில் படித்துக்கொண்டிருந்தேன். மேடையில் பேச்சைத் தொடங்குமுன் எத்தனை நொடி மௌனம் காப்பது என்பதைக் கண்ணாடிமுன் நின்று பழகியவன். கைதட்டலின் நீளத்தைக் கொண்டே மனிதர்களை எடைபோட்டவன். அப்போது மதுரையில் ஒரு விமானி, பழைய இரண்டிருக்கை விமானம் ஒன்றை வைத்திருந்தார். எங்கள் எல்லையோர ஊர்களின்மேல் துண்டறிக்கை தூவ இசைந்து, எனக்கு ஒரு கடிதம் எழுதினார்.

மீதித் துண்டறிக்கைகளை ஏற்றிக்கொள்ள எங்கள் பக்கம் ஒருமுறை இறங்குவார். இறங்குமிடம் இளகிய மண் என்றால் பெரிய டயர்களும், அவற்றைத் தாங்கத் தடித்த கால்களும் மாட்டி வருவார். ஆனால் எடை கூடும். உடன் ஒருவரை ஏற்றிக்கொள்ள இயலாது. கெட்டித் தரையென்றால் இருக்கும் சிறு டயர்களே போதும். என்னையும் ஏற்றிக்கொண்டு பறப்பார்.

வானத்திலிருந்து ஒலிகுழாயில் பேசிய முதல் பேச்சாளன்! அந்தப் பட்டத்தை எந்த டயருக்காகவும் விட்டுக்கொடுக்க நான் தயாராயில்லை. குன்னத்துகால் கிராமத்துத் தங்கையன் அண்ணனின் வயலையடுத்துக் கல்போன்ற செம்மண் பறம்பு, அதாவது மேட்டுத் தரை, உண்டென்பது நினைவிலிருந்தது. போய்ப் பார்க்கவில்லை. "தரை கெட்டி, சிறிய டயரே போதும்" என்று விமானிக்கு எழுதினேன். அதே மையில் அண்ணனுக்கும் எழுதினேன்: "விமானம் இறங்கத் தங்கள் நிலத்தைச் சமன்செய்து, நடுவில் வெள்ளை வேட்டி விரித்து வைக்கவும்."

பறம்பு என்றே எழுதியிருக்கலாம். தமிழுக்காகப் போராடும் என் பேனாவுக்கு அந்தச் சொல்லில் மலையாள வாடை அடித்தது.

குறித்த நாள் காலையில் போய் இறங்கினேன். வரப்பெல்லாம் சனம். செண்டைமேளம் வேறு. அண்ணன் பெருமை பொங்க ஓடிவந்தார்.

"எலே மக்கா, நெலம் தயாராக்கும்! ரெண்டு நாளு உருளை உருட்டியாச்சு."

அவர் காட்டிய திசையில் அறுத்த நெல்வயல் கிடந்தது. மேலே வெயிலில் காய்ந்த பொருக்கு. நடுவில் வெள்ளை வேட்டி.

"அண்ணே, இது வயலில்லியா?"

"பின்னே? நீ நெலமுண்ணுதானே எழுதின? கரம் கெட்டுத சீட்டிலயும் வயலுக்கு நெலமுண்ணுதாம் உண்டு. பறம்பு வேணுமுண்ணா பறம்புண்ணு எழுதப்பிடாதா?"

பிறந்த நாள்முதல் கேட்டு வளர்ந்த வழக்கு. எங்கள் பக்கத்து வரிச்சீட்டில் நிலம் என்றால் நெல்வயல்தான். மேடைத் தமிழ் பேசிப் பேசி என் ஊர்ப்பேச்சை நானே மறந்திருந்தேன்.

வடக்கே முனகல் கேட்டது. அந்தச் சிறு சக்கரங்கள் பொருக்கை உடைத்துச் சேற்றில் புதையும். விமானம் தலைகுப்புறக் கவிழும். உள்ளே இருப்பவர் என் எழுத்தை நம்பி வந்த மனிதர். "வேட்டியை எடுங்கள்!" என்று கத்தினேன். ஆயிரம் பேரைக் கட்டிப்போட்டதாக நான் நம்பிய குரல், செண்டைக்கு அப்பால் ஒரு முழம்கூடப் போகவில்லை. பக்கத்தில் நின்றவர் நான் முழக்கமிடுகிறேன் என்று எண்ணி "வாழ்க!" என்றார்.

ஓடினேன். இருபதடி தாண்டியதும் தரை வாய் திறந்தது. முழங்கால்வரை இறங்கிவிட்டேன். வேட்டி இன்னும் தொலைவில். விமானம் நேராக என்னை நோக்கித் தாழ்ந்தது. பருத்த உடலுக்கடியில் அந்த இரண்டு சக்கரங்கள், தேங்காய்ச் சிரட்டை அளவுக்குத்தான் தெரிந்தன. கைகளை உயர்த்தினேன், பேச ஒரு சொல்லும் வரவில்லை. காலை உருவ முயன்று இடுப்புவரை புதைந்தேன்.

எந்திரம் உறுமியது. காற்று முகத்தில் அறைய, நிழல் என்மேல் ஏறிக் கடந்து மேலே போய்விட்டது. மனிதன் புதைவதை விமானி மேலிருந்தே கண்டுவிட்டார். துண்டறிக்கைகள் மட்டும் சேற்றில் உதிர்ந்தன.

நான்கு பேர் சேர்ந்து என்னைப் பிடுங்கி எடுத்தார்கள். அண்ணன் என் முகத்தைத் துண்டால் துடைத்தார்.

"வெறையாதே மக்கா, பேடிக்காதே. இத்தறை நாளு பேசினதில, இண்ணு நீ வாய் தொறக்காம நிண்ணதாக்கும் ஒரு ஆளுக்கு ஒதவிச்சு."

ஒரு வாரம் கழித்து மதுரையிலிருந்து அஞ்சலட்டை வந்தது. "சேறு உங்கள் இடுப்பளவு என்று முன்னமே எழுதியிருந்தால் பெரிய டயர் மாட்டியிருப்பேன்." அவ்வளவுதான். மறுபடி அவர் வரவில்லை.

எல்லை பிறகு வேறெங்கோ விழுந்தது, அண்ணனின் ஊர் மலையாளப் பக்கமே நின்றுவிட்டது. தங்கையன் அண்ணன் இல்லை. செண்டைக்காரர்கள் இல்லை. அந்த வயலை லாரி லாரியாகச் செம்மண் கொட்டி நிரப்பிவிட்டார்கள், வீடுகள் வந்துவிட்டன. அங்கே குடியிருக்கும் என் மருமகன் சொல்கிறான், கிராம அலுவலகத்து ஏட்டில் அவன் வீட்டு மனை இன்னமும் 'நிலம்'தானாம்.

"சாரே, சொல்லுங்க. சிறிசு மதியா?"

"பெரிதே போடு" என்றேன். சொல்லிவிட்டுக் கடையின் சிமெண்டுத் தரையை ஒருமுறை காலால் அழுத்திப் பார்த்துக்கொண்டேன்.