அவன் கட்டிக்கொடுத்த பெட்டி

தென்காசியில் எங்கள் ஸ்டுடியோவில் கல்யாணப் படம் எடுப்பது நான். அதை வெட்டி ஒட்டி வீடியோவாக்குவது என் மனைவி. எடுத்த படமெல்லாம் ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் கிடக்கும். அந்தப் பெட்டியைக் கட்டிக்கொடுத்தவன் அவளோடு கல்லூரியில் படித்தவன். பெங்களூரில் இருக்கிறான். பெட்டி லேசாக முனகினாலும் அவள் அவனுக்குத்தான் போன் போடுவாள். "ஏலே, இங்கன ஒரு எரர் வருது" என்று தொடங்கும் பேச்சு சிரிப்பில் போய் நிற்கும். பக்கத்து மேசையில் நான் லென்ஸ் துடைத்துக்கொண்டிருப்பேன். வயிறு எரியும். அவளிடம் சொன்னதில்லை.

போன ஆயுத பூஜைக்கு கேமரா, டிரோன், விளக்கு எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தேன். அந்தப் பெட்டிக்கு வைக்க மனசே இல்லை. ஆனாலும் நமக்குச் சோறு போடும் பொருளை விட்டுவிட முடியுமா? சோறு போடுவது வெளித்தகரம் இல்லை, உள்ளே இருக்கும் டிஸ்க்குகள் என்று தோன்றியது. பெட்டியை அணைத்து, பக்கத் தகட்டைக் கழற்றி, நான்கு டிஸ்க்குகளையும் வெளியே எடுத்து, ஈரத்துணியால் துடைத்து, தாராளமாகச் சந்தனமும் குங்குமமும் வைத்து மறுபடி மாட்டினேன். மனைவி அடுப்படியில் சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் வரை தொடக்கூடாது என்பதால் யாரும் அதைப் போட்டுப் பார்க்கவில்லை.

விஜயதசமி காலையில் பெட்டி எழுந்திருக்க மறுத்தது. கறுப்புத் திரையில் எமர்ஜென்சி மோடு என்று வந்து நின்றுவிட்டது. பண்பொழிக் கல்யாணம் ஒன்று அதற்குள் இருந்தது. மாப்பிள்ளை மறுநாள் துபாய்க்கு விமானம் ஏறுகிறார், கையோடு வீடியோ வேண்டும் என்றிருந்தார். கேமரா கார்டுகளை நான் ஏற்கெனவே அழித்துவிட்டேன்.

"பயப்படாதீங்க, அவன் குத்தாலத்துலதான் இருக்கான்" என்றாள் மனைவி.

அவன் குற்றாலம் வந்திருப்பது அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. பெட்டி போன கவலையைவிட அதுதான் என்னை அறுத்தது.

அருவியிலிருந்து நேராக வந்துவிட்டான், தலைகூடத் துவட்டாமல். "வாங்க அண்ணாச்சி" என்று என் கடையிலேயே என்னை வரவேற்றான். என் நாற்காலியில் உட்கார்ந்தான். நான் டீ வாங்கிவந்தேன்.

ஏதோ தட்டினான். நான்கு டிஸ்க்கும் சேர்ந்து ஒரே டிஸ்க்காக வேலை செய்யும்படி அவன் அமைத்திருந்தான். ஒன்று படுத்தால் மற்ற மூன்றும் தாங்கும், இரண்டு படுத்தால் கதை முடிந்தது. திரையில் இரண்டுதான் தெரிந்தன. சேர்க்கை 'இனாக்டிவ்' என்றிருந்தது.

"பெட்டிய யாராச்சும் தொறந்தீங்களா?" என்று கேட்டான்.

நான் வாயைத் திறக்கவில்லை. பயம் பாதி. மீதி, அவன் தோற்பதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை. அவள் முன்னால் அவன் ஒரு தடவையாவது கையை விரிக்கட்டும்.

விரித்தான். "அப்போ ரெண்டும் ஒண்ணாச் செத்துட்டுன்னுதான் அர்த்தம். திருவனந்தபுரத்துக்கு அனுப்பித்தான் உள்ள இருக்க படத்த எடுக்கணும். நாளைக்குள்ள நடக்காது."

எனக்கு உள்ளுக்குள் இனித்தது. பண்பொழி மாப்பிள்ளை வெறுங்கையோடு போனாலும் போகட்டும் என்று நினைக்கும் அளவுக்கு இனித்தது. மனைவியின் முகம் வாடிப்போயிற்று. அவள் பெட்டியைப் பார்த்தாள். தகட்டின் விளிம்பில் என் விரல்பட்ட குங்குமம் இருந்தது. என்னைப் பார்த்தாள். பிறகு அவனிடம் சொன்னாள்:

"நான்தாம்லே தொறந்தேன். டிஸ்க்க வெளிய எடுத்துச் சந்தனம் வச்சேன்."

அவன் பாய்ந்து தகட்டைக் கழற்றினான். இரண்டு டிஸ்க்குகளில் கேபிள் மாட்டும் வாய்க்குள் சந்தனம் இறங்கிக் காய்ந்து கிடந்தது. "ஏட்டி, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? டிஸ்க்குக்குப் பொட்டு வைக்கிற கூமுட்டய இப்பத்தான் பாக்கேன்!" என்று ஏசினான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். என் தப்புக்கு அவள் ஏச்சு வாங்குகிறாள், நான் நன்றியோடு நிற்க வேண்டியவன். ஆனால் அவ்வளவு உரிமையாக ஏசுகிறானே, அவளும் சிரிக்கிறாளே என்றுதான் எரிந்தது.

என் லென்ஸ் பிரஷ்ஷை வாங்கி, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து மாட்டினான். நான்கும் தெரிந்தன. mdadm --assemble --scan என்று அடித்ததும் சேர்க்கை எழுந்தது. பண்பொழி மணமக்கள் மாலையும் கழுத்துமாகத் திரையில் வந்தார்கள். இட்லி சாப்பிடச் சொன்னோம். பிள்ளைகள் அருவிக்கரையில் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

அவள் வீடியோ வேலையைத் தொடங்கிவிட்டாள். என்னால் பொறுக்க முடியவில்லை.

"நான் செஞ்சதுன்னு தெரிஞ்சும் எதுக்கு உன் தலையில போட்டுக்கிட்ட?"

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "என்னைய ஏசினா சிரிச்சிட்டுப் போயிருவேன். உங்கள ஏசியிருந்தான்னா, பெட்டியாவது ஒண்ணாவதுன்னு அவன வெளிய போகச் சொல்லியிருப்பேன். பெறகு பண்பொழிக்காரங்களுக்கு நீங்களா பதில் சொல்லுவீய?"