பொன்னியம்மா கடைக்கு வரும் வார்த்தைகள்

சத்தியவேட்டிலிருந்து தொழிற்பேட்டைக்குப் போகிற சாலையில், கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே பன்னிரண்டு வீடுகள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கின்றன. வரிசையின் முனையில் தகரம் போட்ட ஒரு கடை. அது பொன்னியம்மாவின் கடை. 2014-இல் அந்தப் பன்னிரண்டு வீடுகளில் தமிழ், தெலுங்கு, ஒடியா, இந்தி என்று நான்கு மொழிகள் பேசினார்கள். கணவன் மனைவி இருவரும் ஷிப்டுக்குப் போகிறவர்கள். ஒருவர் வேலையில் இருக்கும்போது மற்றவர் தூங்குவார். தூங்குகிறவர் கண்ணைத் திறக்காமலே பிள்ளையைக் கடைக்கு அனுப்புவார். அதனால் பொன்னியம்மாவின் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் ஐந்து வயதைத் தாண்டாதவர்கள்.

அவர்கள் கேட்பதைப் புரிந்துகொள்வதுதான் அவர் தொழில். பொருள் விற்பது அதற்கு அடுத்த வேலை.

பொன்னியம்மா மூன்றாம் வகுப்போடு நிறுத்தியவர். தொழிற்பேட்டைக்கு நிலம் எடுத்தபோது ஊரில் பலருக்குப் பணம் வந்தது, இவருக்கு வரவில்லை. நிலம் இருந்தால்தானே வரும்? நிலத்தோடு போனது அவருடைய வேர்க்கடலை பிடுங்கும் கூலி வேலை. கணவர் சின்னசாமிக்கு ஒரு கம்பெனி கேட்டில் காவல் வேலை கிடைத்தது. இவர் கடை போட்டார். அப்போது அவருக்கு வயது முப்பத்தெட்டு.

கடை போட்ட முதல் மாதமே ஓர் ஒடியாக்காரப் பெண் குழந்தை வந்து “லுணா” என்றது. அப்படி ஒரு பெயரில் பிஸ்கட் உண்டா என்று தேடினார். இல்லை. பிறகு மூன்று பொருளை எடுத்துப் பலகைமேல் வைத்தார்: சர்க்கரை, பருப்பு, சோப்பு. குழந்தை சோப்பைத் தள்ளியது, பருப்பைத் தள்ளியது, சர்க்கரையைப் பார்த்துக்கொண்டே நின்றது. சர்க்கரை இல்லை, ஆனால் சர்க்கரை மாதிரி ஒன்று. உப்பை வைத்ததும் இரண்டு கையாலும் கட்டிக்கொண்டது. அன்றிலிருந்து அதுவே வழியாகிவிட்டது. “அப்பிடின்னா இன்னா?” என்று எந்தப் பிள்ளையையும் கேட்க மாட்டார். மூன்றை வைப்பார், எதைத் தள்ளுகிறது என்று பார்ப்பார், மறுபடி மூன்றை வைப்பார்.

எல்லா நேரமும் வென்றார் என்றில்லை. மூன்றாவது வீட்டு பாபு ஒருநாள் “ஊசி வோணும்” என்று வந்து நின்றான். தையல் ஊசி, ஊக்கு, நூல்கண்டு எல்லாம் வைத்தாயிற்று. எல்லாவற்றையும் தள்ளிவிட்டு அழுதான். மறுநாளும் அதே ஊசி, அதே அழுகை. இரண்டாம் நாள் சாயங்காலம்தான் தெரிந்தது, போன வாரம் தடுப்பூசி போட்ட பிறகு அவன் அப்பா இந்தக் கடையில்தான் தேன்மிட்டாய் வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஊசி என்றால் அதற்குப் பிறகு கைக்கு வருவது.

“ரெண்டு நாளா அந்தப் புள்ள சரியாத்தான் கேட்டுக்கினு இருந்துது. எனக்குத்தான் புரியல” என்றார் சின்னசாமியிடம்.

“நீ கடை வெச்சியா, பரீட்சை எழுதறியா?” என்றார் அவர்.

பொன்னியம்மாவுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. பொருளைக் கையில் கொடுக்கும் முன் “யாருக்கு?” என்று கேட்பார். டீத்தூள் என்றால் பாபு வீட்டுக்கு ஒன்று, ஒடியாக்காரர் வீட்டுக்கு வேறொன்று. மாற்றிக் கொடுத்தால் பிள்ளைக்குத்தான் திட்டு விழும். அதனால் பதில் வரும்வரை பொருளை விட மாட்டார். “எங்க நைனாவுக்கு”, “பக்கத்து வூட்டு அக்காவுக்கு” என்று சொல்லிவிட்டுத்தான் பிள்ளைகள் கை நீட்டும்.

இதையெல்லாம் எல்லோரையும்விட வேகமாகப் பிடித்துக்கொண்டது ஐந்தாவது வீட்டு காவ்யா. நான்கரை வயது. அப்பா ஹேமநாத் கிடங்கில் சரக்கு தூக்கும் வண்டி ஓட்டுகிறவர், அம்மா யமுனா செல்போன் பூட்டும் லைனில். இருவரும் சித்தூர் பக்கம் குடிபாலாவிலிருந்து வந்தவர்கள். காவ்யா கடையில் தமிழும், பக்கத்து வீட்டில் தெலுங்கும் பேசுவாள். யாரிடம் எது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. “எனக்கு இன்னிக்கு லீவு அத்த” என்று அவள் சொன்னால் பொன்னியம்மா உடனே நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். யமுனா லீவு போடுவது மகளுக்குக் காய்ச்சல் வந்தால் மட்டும். ஆகவே லீவு என்றால் காய்ச்சல்.

அந்த ஏப்ரலில் ஹேமநாத் மகளை ஒரு தனியார் இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கு அழைத்துப்போனார். இரண்டு முறை நேர்முகம். முதல் முறை, “குட் மார்னிங் எப்போது சொல்வோம்?” என்று கேட்டு இரண்டு படம் காட்டினார்கள். காவ்யா சூரியனைத் தொட்டாள். அடுத்த வாரம் தலைமையாசிரியை முன்னால் அதே கேள்வி, அதே படங்கள். நிலாவைத் தொட்டாள். மறுபடி கேட்டார்கள். மறுபடி நிலா.

போன வாரம் தெரிந்தது இந்த வாரம் மறந்துவிட்டது, புத்தி மந்தமாக இருக்கலாம், திருப்பதியில் பரிசோதித்துச் சான்று வாங்கி வாருங்கள் என்றது பள்ளி.

ஹேமநாத்துக்கு அது இடி. அவருடைய அக்கா கல்பனா குடிபாலாவில் இருக்கிறார். “ரெண்டு பேரும் ஷிப்டு ஷிப்டுன்னு ஓடிக்கினு இருந்தா புள்ள இப்பிடித்தான் ஆவும். மந்தம்னு எழுதிக் குடுத்தாங்கன்னா இங்க கொண்டாந்து உடு, நான் வளக்கறேன்” என்றார் போனில். ஹேமநாத் சரி என்றுவிட்டார். குடிபாலா ஐந்து மணி நேரப் பயணம். யமுனா மாதத்துக்கு ஒருமுறை பார்க்கலாம். யமுனா கடைக்கு வந்து பால் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதை வாங்கத்தான் வந்தோம் என்பதையும் மறந்து நின்றாள்.

பொன்னியம்மா விஷயத்தைக் கேட்டார். பிறகு சாமிப் படக் காலண்டரைப் பார்த்தார். ஷிப்டு மாறும் நாட்களை அவர் அதில் குறித்து வைத்திருந்தார். எந்த வாரம் எந்த நேரம் பஸ் வரும் என்று தெரிந்தால்தான் டீக்குப் பால் வாங்க முடியும். யமுனாவின் கம்பெனியில் எந்த ஷிப்டு ஆனாலும் வேலை தொடங்கும்போது ஒருவருக்கொருவர் குட் மார்னிங் சொல்ல வேண்டும் என்று பழக்கியிருந்தார்கள். பெண்கள் அதைக் கேலியாக பஸ் ஏறும் இடத்திலேயே சொல்லிச் சிரிப்பார்கள். யமுனாவும் மகளுக்கு ஒன்று சொல்லிவிட்டு ஏறுவாள். முதல் நேர்முகம் நடந்த வாரம் யமுனாவின் பஸ் மதியம் ஒரு மணிக்கு. இரண்டாவது நடந்த வாரம் ராத்திரி ஒன்பதுக்கு.

காவ்யாவைக் கூப்பிட்டார். “ஏம்மா, குட் மார்னிங் எப்போ சொல்லுவ?”

“அம்மா பஸ் ஏறச்சொல்லோ.”

“இந்த வாரம் வானத்துல இன்னா இருக்கும்?”

“நெலா.” இதுகூடத் தெரியாதா என்பது போலப் பார்த்தாள். “போன வாரம் வெயிலு.”

பொன்னியம்மா அன்றே ஹேமநாத்திடம் சொன்னார். “புள்ள மறக்கல சாமி. ரெண்டு வாட்டியும் சரியாத்தான் சொல்லிக்கிது.”

ஹேமநாத்துக்குத் தூக்கமும் இல்லை, பொறுமையும் இல்லை. “அக்கா, கடையில உக்காந்துகினு டாக்டர் மாதிரி பேசாத. ஸ்கூல்காரங்க படிச்சவங்க. அவங்களுக்குத் தெரியாதா?”

“படிச்சவங்கதான். ஆனா ஒன் வூட்டு பஸ்சு எத்தினி மணிக்குன்னு அவங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

அவர் தூங்க வீட்டுக்குப் போய்விட்டார்.

திருப்பதி மையத்தில் மே மாதம் ஒரு நாள் கொடுத்தார்கள். ஹேமநாத்துக்கு லீவு கிடைக்கவில்லை. யமுனா இரவு ஷிப்டு முடித்து நேராகப் போக வேண்டும். “பஸ்சுல நான் தூங்கிட்டேன்னா புள்ள எங்கனா எறங்கிடும். நீயும் வாக்கா” என்றாள். மூன்று ஆண்டில் முதல் முறையாகப் பொன்னியம்மா பகலில் கடையைச் சாத்தினார்.

பரிசோதித்தவர் ஓர் இளம்பெண். தெலுங்குக்காரர். பொறுமையானவர். கூட வந்தவர்கள் பின்னால் உட்காரலாம், வாய் திறக்கக் கூடாது, திறந்தால் பரிசோதனை செல்லாது, அடுத்த தேதி ஜூலையில்தான் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஜூலை என்றால் பள்ளி திறந்துவிடும், காவ்யா குடிபாலாவில் இருப்பாள். யமுனா தலையாட்டினாள். ஐந்து நிமிடத்தில் நாற்காலியிலேயே தூங்கிப்போனாள்.

மேசைமேல் ஸ்பூன், சீப்பு, சாவி, பந்து, கப். “ஸ்பூனை எடு” என்றார் அந்தப் பெண் தெலுங்கில்.

காவ்யா ஸ்பூன்மேல் கையை வைத்தாள். எடுக்கவில்லை. “எவரிக்கி?” என்றாள். யாருக்கு என்பதைத் தெலுங்கில் அப்படித்தான் கேட்க வேண்டும்.

அந்தப் பெண் பதில் சொல்லவில்லை. பரிசோதனை விதி அப்படி. “ஸ்பூனை எடு” என்று மறுபடி சொன்னார். காவ்யா கையை எடுத்துக்கொண்டாள்.

“சீப்பை எடு.”

“எவரிக்கி?”

சாவிக்கும் அதே. பந்துக்கும் அதே. ஒவ்வொன்றுக்கும் தாளில் ஒரு பெருக்கல் குறி விழுந்தது. கப்புக்கு வந்தபோது காவ்யா கேட்கவே இல்லை. மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்னால் பொன்னியம்மா நாற்காலியின் முனைக்கு நகர்ந்தார். சூரியன், நிலா விஷயத்தைப் பள்ளிமேல் போட்டுவிடலாம், கம்பெனிமேல் போட்டுவிடலாம். இது அவருடைய பலகையில் பழகிய பழக்கம். தினமும் இருபது முறை அவரே பழக்கியது. யாருக்கு என்று தெரியாமல் எந்தப் பொருளும் கைமாறக் கூடாது என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். இப்போது அதற்காகத்தான் பெருக்கல் குறி விழுந்துகொண்டிருந்தது. வாய் திறந்தால் ஜூலை. திறக்காவிட்டால் மந்தம்.

தாளில் கடைசிக் கட்டம் நிரம்பி, அந்தப் பெண் பேனாவை மூடும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். பிறகு எழுந்தார்.

“அம்மா, முடிஞ்சுடுச்சா? இப்போ பேசலாமா?”

“பேசலாம். ஆனா வீட்டுக்காரங்க சொல்றத நான் கணக்குல எடுத்துக்க முடியாது.”

“நான் வூட்டுக்காரி இல்ல. கடைக்காரி.”

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொன்னியம்மா சிரிக்கவில்லை. தன் தெலுங்கில், தடுமாறித் தடுமாறி, கடையைப் பற்றியும் பலகையைப் பற்றியும் பதில் வராமல் பொருளை விடாததைப் பற்றியும் சொன்னார். “தப்பு என்னுது. ஒன்னாண்ட இன்னா கேட்டுது பாரு. தெலுங்குல கேட்டியே, தெலுங்குலதானே திருப்பிக் கேட்டுது? என்னாண்ட தமிழ்லதான் பேசும். நீ யாருக்குன்னு சொல்லாம உட்டா, அது எப்பிடி எடுக்கும்?”

அந்தப் பெண் தாளைப் பார்த்தார். முதல் நான்கு கட்டத்திலும் ஒரே குறிப்பு: ‘கேள்வி கேட்கிறாள், செய்யவில்லை.’ அடுத்த பக்கத்தில், சொல்லை மாற்றிக் கேட்கும் இரண்டாம் முயற்சி என்று ஓர் இடம் இருந்தது. அதை எடுத்தார். மேசைக்கு அந்தப் பக்கம் குனிந்து உட்கார்ந்தார்.

“காவ்யா, பந்து எனக்கு.”

பந்து உடனே வந்தது.

“சாவி இந்த அத்தைக்கு.” சாவி பொன்னியம்மாவின் கையில்.

“ஸ்பூன் டாக்டருக்கு.”

காவ்யா எழுந்து நின்று யோசித்தாள். “வெளியே ஒரு டாக்டர் இருக்கார். நீங்களும் டாக்டர். எந்த டாக்டருக்கு?”

அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். “சீப்பு அம்மாவுக்கு” என்றார் மெதுவாக.

காவ்யா சீப்பை எடுத்துக்கொண்டு நாற்காலிக்குப் போனாள். தூங்குகிறவளை அவள் எழுப்பவில்லை. மடியில், கை படாத இடமாகப் பார்த்து, சத்தம் வராமல் வைத்தாள். திரும்பி வந்து, “அம்மா ராத்திரி ஷிப்டு” என்று விளக்கமும் சொன்னாள்.

சான்று தெலுங்கில் இருந்தது. ‘வயதுக்கு மேற்பட்ட புரிதல். இரு மொழிகளையும் ஆளறிந்து பயன்படுத்துகிறாள். கேள்வி கேட்கும் விதம் குறித்துப் பள்ளிக்கு ஆலோசனை தேவை.’ பஸ்ஸில் அதை யமுனா மூன்று முறை படித்தாள். பொன்னியம்மாவுக்குத் தெலுங்கு படிக்க வராது. யமுனா படிக்கப் படிக்கக் கேட்டுக்கொண்டு வந்தார்.

தனியார் பள்ளியில் அதற்குள் இடம் நிரம்பிவிட்டது. சான்றைக் காட்டியபோது, அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றார்கள். ஹேமநாத் அங்கே சண்டை போடவில்லை. அரசுப் பள்ளி வளாகத்து அங்கன்வாடியில் மகளைச் சேர்த்தார். பிறகு கடைக்கு வந்து, தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

“இன்னா சாமி வோணும்?” என்றார் பொன்னியம்மா.

“ஒண்ணும் வேணாக்கா. நீ சொன்னத அன்னிக்கே கேட்டிருந்தா ஒரு நாள் கடைய மூடியிருக்க வேணாம்.”

“மூடலன்னா நான் என் தப்பையே பாத்திருக்க மாட்டேன், போ.”

அன்று சாயங்காலம், கடைக்கு எதிரே நின்றபடியே அவர் குடிபாலாவுக்குப் போன் போட்டார். கல்பனா அங்கே மருமகள் காவ்யாவுக்கென்று பாவாடை சட்டை தைக்கக் கொடுத்திருந்தார். “தெச்சது தெச்சதாவே இருக்கட்டும்க்கா, திருவிழாவுக்கு வரச்சொல்லோ போட்டுக்கும். புள்ள எங்கியும் வராது. அவ அம்மாகூடத்தான் இருக்கும்” என்றார் ஹேமநாத். மறுமுனையில் கல்பனா ஏதோ சத்தம் போட்டார். அவர் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, “ஆமாக்கா, ஆமாக்கா” என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்தாவது வீட்டில் யமுனா, ஊருக்கு அனுப்பக் கட்டி வைத்திருந்த பையைப் பிரித்து, காவ்யாவின் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பழையபடி கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.