கேமரா கண்ணாடியில் வைத்த பொட்டு

எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஐந்தாவதோடு படிப்பு நின்றுபோனது. எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்பதிலும் இப்போது தடுமாற்றம். பொறுத்துக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரரைப் பற்றிக் கல்லூரிப் பிள்ளைகள் ஒரு புத்தகம் போடுகிறார்களாம். அதில் எனக்கும் ஒரு பக்கம் என்று கேட்டதால் எழுதுகிறேன்.

அவர் பஞ்சாலையில் எலக்ட்ரீசியன். பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, துடியலூர் வீட்டு மொட்டை மாடியில் ஏரியல் கட்டி, ஹாம் ரேடியோவில் எந்தெந்த ஊர்க்காரர்களோடோ பேசுவார். பேசிய ஊர் ஒன்றையும் போய்ப் பார்த்ததில்லை. விமானம் ஏறியதில்லை. ஆலைத் தூசி நெஞ்சில் தங்கி, கடைசியில் நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும்.

அந்தச் சமயத்தில்தான் பிள்ளைகள் வந்தார்கள். ஒரு தெர்மாகோல் பெட்டியில் அவர்கள் செய்த கருவிகளும் கேமராவும் வைத்துப் பெரிய பலூனில் அனுப்பப் போகிறார்கள். மேலே போய்ப் பலூன் வெடித்ததும் பெட்டி பாராசூட்டில் இறங்கும். உள்ளே ஒரு சின்ன ரேடியோ தான் இருக்கும் இடத்தைச் சொல்லிக்கொண்டே வரும். அதைக் கேட்டுப் பின்னாலேயே போக இவர் வேண்டும்.

"அத்தன ஒசரத்துல இருந்து பார்த்தா பூமி வளஞ்சு தெரியுமாமா புள்ள. போட்டோவுலயாச்சும் ஒருக்கா பார்த்துப்போடோணும்" என்றார்.

டாக்டர் சொன்னதை நானும் கேட்டிருந்தேன். இன்னொரு தடவைக்கு அவர் இருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

அன்று காலை கல்லூரி மைதானத்துக்கு அவருடைய மருந்துப் பையோடு நானும் போனேன். பிள்ளைகள் பலூனைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இவர் காதில் ஹெட்போன். ஆயுத பூஜைக்கு ரேடியோப் பெட்டிக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிற வீடு எங்களுடையது. புதுச் சாமான் எதுவும் பொட்டில்லாமல் வாசல் தாண்டாது.

"ஏம்புள்ள, இதுக்கும் வெச்சுடு" என்றார்.

அத்தனை பேர் பார்க்க எனக்குக் கூச்சம். தலையைக் குனிந்தபடியே மூன்று பக்கம் வைத்தேன். என் பக்கமாகத் திரும்பியிருந்த நாலாவது பக்கத்தின் நடுவில் வட்டமாக ஓர் இடம் பளபளவென்று இருந்தது. பொட்டுக்கென்றே விட்ட இடம் போலத் தோன்றியது. சந்தனத்தைக் குழைத்து, கட்டை விரலால் நன்றாக அழுத்தி, மேலே குங்குமமும் வைத்தேன்.

"அம்மா பொட்டு வெச்சுட்டாங்க, கல்யாணப் பொண்ணு கெளம்பலாம்" என்றாள் ஒரு பெண்.

"மாப்பிள்ளை எந்த ஊருன்னு தெரியாமத்தான அம்மணி நாம பின்னாலயே தொரத்தறோம்" என்றார் இவர். எல்லோரும் சிரித்தார்கள். கையை விட்டதும் பலூன் போய்விட்டது.

வேனில் போகும்போது அந்தப் பெண் தன் போனில் பெட்டியின் படத்தைக் காட்டினாள். "இந்த ரவுண்டுக் கண்ணாடிக்குப் பின்னாடிதானுங்கம்மா கேமரா இருக்குது."

நான் நாலாவது பொட்டு வைத்த இடம் அது. சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயெடுத்தேன். இவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்.

"ஏனுங்க சார், பொட்டி கொடுமுடிக்கே போகுதாட்ட இருக்குது. சாமி கும்பிடவா?" என்றார் டிரைவர்.

"நம்மளயும் சேர்த்துக் கூட்டீட்டுப் போகுதல்ல, கம்முனு ஓட்டு கண்ணு."

கொடுமுடியை நெருங்கும்போது ஹெட்போனில் பெட்டியின் சத்தம் நின்றுவிட்டது. பிள்ளைகள் முகம் தொங்கிப்போனது. இவர் வாய்க்கால் கரையில் வேனை நிறுத்தச் சொல்லி, கையில் பிடிக்கிற ஏரியலோடு மூச்சிரைக்க மேட்டில் ஏறினார். ஏரியலை மெதுவாகத் திருப்பித் திருப்பிக் கேட்டு, மஞ்சள் பயிரிட்டிருந்த ஒரு காட்டைக் கை காட்டினார்.

காட்டுக்காரம்மா வரப்பிலேயே நின்றிருந்தார். "மேல இருந்து உளுந்துச்சுங்க. சந்தனம் குங்குமமெல்லாம் வெச்சிருக்குதுங்களா, சாமி காரியமாட்ட இருக்குதுன்னு நாங்க ஆரும் தொடுலீங்க."

பிள்ளைகள் அவரிடம் பேசிக்கொண்டிருக்க, இவர் முன்னால் நடந்தார். நான் பின்னாலேயே போனேன். பெட்டி செடிகளுக்கு நடுவில் சாய்ந்து கிடந்தது. இவர் உட்கார்ந்து அதைத் திருப்பிப் பார்த்தார். அந்தப் பொட்டு காய்ந்து அப்படியே ஒட்டியிருந்தது.  பிறகு துண்டு நுனியை எச்சிலில் நனைத்துத் துடைத்தார். பாத்தியிலிருந்து ஈர மண்ணை எடுத்து அந்த இடத்தில் லேசாகப் பூசினார்.

நிமிர்ந்தபோது நான் நிற்பதைப் பார்த்துவிட்டார்.

"வெயிலு ஏறுது. தண்ணி குடிச்சியா புள்ள?" என்றார்.

பிள்ளைகள் வந்ததும், "கண்ணாடீல சேறு அப்பிப்போச்சு கண்ணு" என்றார்.

படங்களை அங்கேயே லேப்டாப்பில் போட்டுப் பார்த்தார்கள். ஒன்று விடாமல் எல்லாம் காவி நிறம். ஒரு படத்தில் மட்டும் ஓரமாக நகம் அளவு நீலம் தெரிந்தது. மேலே போகும்போதே எப்படிச் சேறு ஒட்டும் என்று ஒரு பையன் மெதுவாகக் கேட்டான்.  இவர் அந்த நீலத்தையே வெகுநேரம் பார்த்தார்.

"பரவால்ல. அடுத்த தடவ பார்த்துக்கலாம்" என்றார்.

அடுத்த பலூன் விடுவதற்கு முன்பே போய்விட்டார். அந்தப் பலூனின் படங்களை அந்தப் பெண் வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினாள். பூமி வளைந்துதான் இருக்கிறது.

அவர் போவதற்கு முன்னால் எத்தனையோ நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து மருந்து கொடுத்தேன், கஞ்சி கொடுத்தேன். "நான்தானுங்க வெச்சேன்" என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும், பிறகு எதற்குச் சொல்வது என்று இருந்துவிட்டேன். சொல்லியிருக்க வேண்டும். சத்தம் போட்டிருந்தாலும் பரவாயில்லை. அவர் ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லியிருந்தால் இன்றைக்கு என் மனசு ஆறியிருக்கும்.

புத்தகம் போடுகிறவர்களுக்கு ஒன்று. அந்த ஊர் கொடுமுடிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று எனக்கு நிச்சயமில்லை. எவ்வளவு உயரம், எத்தனை மணி என்பதெல்லாம் அவருடைய ரேடியோ நோட்டில் இருக்கும். வேனில் வந்தவர்கள் யாராவது பார்த்துச் சரி செய்யுங்கள். அதில் அந்த நாளுக்கு நேராகச் சேறு என்று அவர் எழுதியிருப்பார். அதை மட்டும் அடித்துவிட்டு, நான் வைத்த பொட்டு என்று எழுதிவிடுங்கள்.