உறைந்துபோன அறுவடை வரிசை

கணினி கண் திறந்தபடியே தூங்கிப் பார்த்திருக்கிறீர்களா? போன வாரம் வலங்கைமானில் பார்த்தேன். திரையில் மணி பத்து நாற்பத்திரண்டு. என் வாட்ச்சில் பன்னிரண்டு தாண்டியிருந்தது.

அது ஒரு விவசாயிகள் குழுவின் அலுவலகம். அறுவடை மெஷின் யார் வயலில் எப்போது இறங்கும் என்ற வரிசை அந்தக் கணினியில்தான் இருக்கிறது. தனிப் பெட்டி அல்ல… சர்வருக்குள் மென்பொருளாகவே ஓடும் வெர்ச்சுவல் கணினி. ஓட ஓடவே அதை ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றலாம். அது ஓடிக்கொண்டிருந்த புது சர்வரில் ஃபேன் கோளாறு. அலுவலகத்தில் வேலை பார்க்கும் கலையரசி, அதைப் பழைய சர்வருக்கு மாற்றினார். மாறியது. உறைந்தது.

ஜன்னலுக்கு வெளியே முற்றிய குறுவை நெல். அதன்மேல் அசையாத மேகம். காற்றும் நின்றிருந்தது. அந்த மதியத்தில் எது ஓடுகிறது, எது நின்றுவிட்டது என்று சொல்வது சிரமம்.

"பழசிலேர்ந்து புதுசுக்குப் போறப்ப ஒண்ணும் ஆகலை. திரும்பி வந்தாதான் உறையுது" என்றார் கலையரசி.

சாப்பாடு கொண்டுவந்திருந்த அவர் கணவர் செந்தில் சிரித்தார். "நானும் சிங்கப்பூர்லேர்ந்து வந்தப்ப அப்படித்தானே இருந்தேன்."

"நீங்க இன்னும் முழுசா எழுந்திருக்கலை. பேசாம இருங்க."

காரணம் கிட்டத்தட்ட அதுதான். புது சர்வரின் ப்ராசஸரில் ஒருமுறை கண் விழித்த கணினி, அதன் வசதிகளுக்குப் பழகிவிடுகிறது. பழைய இடத்துக்கு வந்தும் அவற்றையே தேடுகிறது… அங்கே இல்லை. இரண்டுக்கும் பொதுவானதை மட்டும் காட்டும்படி செட்டிங்கை மாற்றினால் சரியாகும். ஆனால், முழுதாக அணைத்து எழுப்ப வேண்டும். அணைத்தால், காலையில் ஆப்பில் பதிந்தவர்களின் வரிசை போய்விடும் – அது இன்னும் டிஸ்க்கில் ஏறவில்லை. மழை வந்தால் யார் நெல் நனையும் என்பது அந்த வரிசையில் இருந்தது.

கலையரசி கொஞ்ச நேரம் மேகத்தைப் பார்த்தார். அணைத்தார்.

செட்டிங்கை மாற்றி எழுப்பிவிட்டு, போனை எடுத்தார். "கோவிந்தராஜ் அண்ணே, காலைல பதிஞ்சீங்களா?"

"பதிஞ்சேன்மா. எனக்கு முன்னாடி தங்கையன், பின்னாடி செல்வி. ஏன், மாத்திட்டீங்களா?"

"மாத்தலண்ணே. சும்மா கேட்டேன்."

செல்விக்குத் தனக்குப் பின்னால் யார் என்று தெரிந்திருந்தது. அந்த ஆளுக்குத் தனக்கு அடுத்தவரை. அரை மணி நேரத்தில் பன்னிரண்டு பெயர்கள் வந்துவிட்டன. முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சும் ஊரில், முன்னால் யார், பின்னால் யார் என்பதை யாரும் டிஸ்க்கை நம்பி விடுவதில்லை. பதியும் முன்பே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள்.

புதிய பட்டியலைச் செந்தில் எட்டிப் பார்த்தார். "என் பேரு எங்க? நானும் காலைல போட்டேனே."

"யார்கிட்ட சொன்னீங்க?"

"ஆப்ல போட்டா போதாதா?"

"எத்தனாவதா போட்டீங்கன்னு யாருக்குத் தெரியும்? கடைசில எழுதறேன்."

"கலை, அது நம்ம வயலு."

"தெரியும். அதான் கடைசி."