சுரண்டிய முகம்

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், பெயர்களும் மறந்துபோகின்றன.

பேத்தியின் கல்யாணப் பத்திரிகை வாங்க சிவகாசி அச்சாபீசில் உட்கார்ந்திருக்கிறேன். எதிரே இரண்டு பெரியவர்கள். ஒருவர் படம் வரைகிறவரிடம் பழைய போட்டோவை நீட்டுகிறார். நடுவில் ஜமீன்தார். வலப்பக்கம் நிற்பவரின் முகத்தை யாரோ சுரண்டியிருக்கிறார்கள்.

“அது நான்தான் தம்பி. ராசாவுக்கு வெத்தலை மடிச்சுக் குடுக்கப் போயி, காரியஸ்தரா ஆனவன். கணக்குப்பிள்ளை ஆளுக கோள் மூட்டி வெரட்டிட்டாக, மொகத்தையும் சொரண்டிட்டாக. இப்ப ஜமீனே போச்சு. சாகுமுன்னே ராசா பக்கத்துல என் மொகத்தப் பாக்கணும்.”

“அப்ப எப்படி இருந்தீக?” என்கிறார் வரைகிறவர்.

பெரியவர் பக்கத்தில் இருப்பவரைக் காட்டுகிறார். “எனக்கே மறந்துபோச்சு, அதுக்குத்தான் இவனையும் கூட்டியாந்தேன். அன்னைக்கு என்னையப் பாத்தவுகள்ல உசுரோட இருக்கிறவன் இவன் ஒருத்தன்தான்.”

நான் கூச்சத்தோடு கேட்கிறேன்: “இவுக உங்க சிநேகிதரா?”

“சிநேகிதனா! சொரண்டுனதே இவன்தான் தாயி.”

மற்றவர் தலை நிமிராமல் வரைகிறவரிடம் சொல்கிறார்: “மீசையை இன்னும் தூக்கிப் போடுங்க. அம்புட்டு அழகா இருப்பான். அதான் எனக்குப் பொறுக்கல.”

எந்த ஜமீன் என்று கேட்க விட்டுப்போயிற்று. தெரிந்தவர்கள் சரிபார்த்து எழுதுங்கள்.