கட்டிக்கொடுத்த பெண்ணுக்குத் தூண்டில் கிடையாது

வாரம் முழுக்க எனக்கு மனிதர்கள்தான். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பிளவுஸ் தைக்கிற கடை வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் ஒரு பக்கம், பட்டுப் புடவையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து "நாளைக்கு முகூர்த்தம்மா, இன்னிக்கே வேணும்" என்று நிற்கிறவர்கள் இன்னொரு பக்கம். துணி வாங்க மட்டும் இரண்டு மாதம் அலைவார்கள். தைக்க எனக்கு ஒரு ராத்திரி தருவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்துப் பேசிப் பேசியே என் தாடை வலிக்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமை எனக்கு மனிதக் குரலே காதில் விழக் கூடாது. தண்ணீர் வேண்டும், தண்ணீர்மேல் ஒரு தக்கை வேண்டும், அந்தத் தக்கை எப்போது அமுங்கும் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். கேட்டது இவ்வளவுதான். ஏதோ வைர நெக்லஸ் கேட்டுவிட்ட மாதிரி எல்லோரும் என்னை முழித்துப் பார்க்கிறார்கள்.

தூண்டில் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். என் ஊர் தாமலைத் தாண்டி இன்னும் கொஞ்சம் உள்ளே போக வேண்டும். பெயர் வேண்டாம், போட்டால் சண்டைக்கு வருவார்கள். எங்கள் காலனிக்குப் பின்னாலேயே ஏரிக்கரை. எங்களுக்கு நிலம் நீச்சு எதுவும் கிடையாது. அந்த ஏரியின் மடையைத் திறந்து மூடுகிற வேலை என் அப்பாவுடையது. அவர் கீழே மடையில் நிற்பார். நான் மேலே கரையில் மூங்கில் குச்சியோடு உட்கார்ந்திருப்பேன். கல்யாணமாகி டவுனுக்கு வந்த பிறகும் விடவில்லை. ஞாயிறு காலையில் பஸ் பிடித்துப் போவேன், சாயங்காலம் நாலு கெளுத்தியோ ஒரு விராலோ கொண்டுவருவேன். ஆற்றில் போய்ப் பிடிக்கக் கூடாதா என்று என் வீட்டுக்காரர் ஒருமுறை கேட்டார். திருமுக்கூடலில் மூன்று ஆறு சேர்கிறது என்கிறார்கள், சரி. தண்ணீர் சேர்ந்தால்தானே மீன் வரும்? முக்கால்வாசி வருஷம் அங்கே மணல்தான் சேர்கிறது.

எங்கள் ஏரியில் மீன் பிடிக்கிற உரிமையைக் குத்தகைக்கு விடுவார்கள். குத்தகை எடுத்தவர் கட்லா, ரோகு குஞ்சுகளை வாங்கிவந்து விட்டு வளர்த்து, வலை போட்டுப் பிடித்து விற்றுக்கொள்வார். ஊர்க்காரர்கள் வலை போடக் கூடாது. ஆனால் குச்சித் தூண்டில் போடலாம். அதில் விராலோ கெளுத்தியோ விழுந்தால் எடுத்துக்கொள்ளலாம். குத்தகைக்காரர் விட்ட கட்லா விழுந்தால் தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும். இது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை, ஊரில் பேசி வைத்தது. நான் அதை ஒருநாளும் மீறியதில்லை. கை நிறைய கட்லா விழுந்தபோதெல்லாம் வயிறு எரிய எரியத் திருப்பி விட்டிருக்கிறேன்.

போன வருஷம் குத்தகை கை மாறியது. புதிதாக எடுத்தவர் கரையில் ஒரு காவல்காரரைப் போட்டார். அந்த மனிதர் என்னைப் பார்த்ததும் குச்சியை நீட்டி மறித்தார்.

"யாரும்மா நீ? இங்க இன்னா பண்ற?"

"இந்த ஊரு பொண்ணுதாம்பா. தூண்டில் போட வந்தேன்."

"இப்ப எங்க குடியிருக்கிற?"

"காஞ்சிபுரம் டவுன்ல."

"அப்ப நீ வெளியூரு. ஊர்க்காரங்களுக்குத்தான் தூண்டிலு. கெளம்பு."

"நான் பொறந்ததே இங்கதான்யா! எங்கப்பா தெறந்த மடைதான் அதோ இருக்குது!"

"அதான் கட்டிக் குடுத்தாச்சில்ல?" என்றார், ரொம்பச் சாதாரணமாக.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. இத்தனைக்கும் அந்த ஆள் வாலாஜா பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். என் தம்பி பெண்டாட்டி செய்யாற்றிலிருந்து வந்தவள். அவள் இப்போது இந்த ஊர்க்காரி, நாளைக்கே அவள் குச்சியைத் தூக்கிக்கொண்டு வந்தால் வழி விடுவார்கள். அவள் மீன் கழுவுகிற பக்கமே வர மாட்டாள், அது வேறு விஷயம். நான் மட்டும் தாலி கட்டிக்கொண்ட அன்றைக்கே ஏரியிலிருந்து கழன்றுவிட்டேனாம். சீர்வரிசைப் பாத்திரத்தோடு சேர்த்து என்னையும் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார்களாம். நல்ல கதை!

விடுவேனா? கடைக்கு ஒரு நாள் பூட்டு போட்டுவிட்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறினேன். மீன் பார்க்கிற ஆபீசில், "குத்தகைக்கு வுட்டாச்சுன்னா மீன் அவங்களுது மேடம், அவங்க சரின்னா போடுங்க" என்றார்கள். அந்தக் குத்தகைக்காரரோ கரைப் பக்கம் என் கண்ணில் பட்டதே இல்லை. ஏரி பார்க்கிற ஆபீசில், "தண்ணி மட்டுந்தாம்மா எங்களுது" என்றார்கள். சரி, கரையாவது யாருடையது என்று ஊரில் போய்க் கேட்டால், "கரை நம்மளுதுதான், ஆனா ஊர்க் கட்டுப்பாடுன்னு ஒண்ணு இருக்குதே" என்று தலையைச் சொறிந்தார்கள். மீன் ஒருத்தருக்கு, தண்ணீர் ஒருத்தருக்கு, கரை ஒருத்தருக்கு. என் புழு மட்டும்தான் எனக்கு.

அந்த மீன் ஆபீசிலிருந்த ஓர் இளைஞர் என்மேல் இரக்கப்பட்டு, "எதுக்கு மேடம் இந்தத் தலைவலி? கடலுக்குப் போங்க. கரையில நின்னு தூண்டில் போட்டா யாரும் கேக்க மாட்டாங்க" என்றார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் காசு கட்டி மீன் பிடிக்கிற குளம்கூட இருக்கிறதாம். அவர்களே தூண்டில் தருவார்களாம்; பிடித்த மீனோடு போட்டோ எடுத்துக்கொண்டு மறுபடி அதையே குளத்தில் விட வேண்டுமாம். அதற்கு நான் கோயில் குளத்தில் மீனுக்குப் பொரி போட்டுவிட்டு வந்துவிடலாமே, புண்ணியமாவது சேரும்.

இருந்தாலும் ஆசை விடவில்லை. என் வீட்டுக்காரரைக் கிளப்பி ஸ்கூட்டரில் கடலுக்கே போனோம். அது விசைப்படகுகள் போகக் கூடாத மீன்பிடித் தடைக்காலம். பெரிய படகெல்லாம் சும்மா நின்றன. எனக்கும் தடையோ என்னவோ என்று பயந்துபோய், மீன் விற்றுக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன். அவர் என் மூங்கில் குச்சியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அது மெஷின் போட்டுக்குத்தாம்மா. உன் குச்சிக்கெல்லாம் கடலு பயப்படாது, நல்லா போடு" என்று சிரித்தார். போட்டேன். அலை முதல் தரம் தக்கையை என் காலடிக்கே கொண்டுவந்து தந்தது. இரண்டாம் தரம் தூண்டில் முள் எங்கேயோ பாறையில் மாட்டி, நைலான் நரம்பு அறுந்து, என் வீட்டுக்காரரின் பேன்ட் முழங்கால் வரை நனைந்ததுதான் மிச்சம். அவ்வளவு பெரிய கடலில் என்னை யாரும் நீ எந்த ஊர் என்று கேட்கவில்லை. ஆனால் எனக்குக் கடல் வேண்டாம், என் ஏரிதான் வேண்டும். வழி நெடுக இதையே சொல்லிச் சொல்லி அவரை ஒரு வழி பண்ணிவிட்டேன்.

கடைசியில் என் தம்பியைப் பிடித்தேன். அவன் ஊரிலேயே இருக்கிறவன், ஒரகடத்தில் ஏதோ கம்பெனியில் ஷிப்ட் வேலை. மண்புழுவைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஜென்மம். "ஊர்க்காரன் நீதானேடா. நீ குச்சியைப் பிடி, நான் பக்கத்துல உக்காந்துக்கிறேன்" என்றேன்.

"சண்டே ஒரு நாள்தாங்க்கா தூங்குறேன்."

"கரையில தூங்கு. யாரு வேணான்னது?"

என் வாய்க்குப் பயந்து வந்தான். அப்படியே சில வாரம் ஓடியது. காவல்காரர் பார்க்கும்போது குச்சி தம்பி கையில். அவர் தலை மறைந்ததும் என் கையில். தம்பி ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு கொட்டாவி விடுவான். என் அப்பாவின் ஏரியில் நான் திருடி மாதிரி மீன் பிடித்தேன். எரிச்சல் எரிச்சலாக வரும். ஆனால் தக்கை அசைந்ததும் எல்லாம் மறந்துபோகும்.

ஒரு ஞாயிறு, குச்சி தம்பி கையில் இருக்கும்போது தக்கை ஒரேயடியாக உள்ளே போனது. "ஐயோ, இழுக்குதுக்கா!" என்று கத்தி என்னிடம் தள்ளிவிட்டான். நான் எழுந்து நின்று, நரம்பு அறுந்துவிடாமல் விட்டு விட்டு இழுத்துக் கரையேற்றினால், முழங்கை நீளத்துக்கு விரால்! புல்லில் துள்ளுகிறது. அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தால், எதிரில் காவல்காரர். அவருக்குப் பக்கத்தில் பைக்கை நிறுத்திவிட்டு வெள்ளைச் சட்டையில் குத்தகைக்காரர்.

"இந்தம்மாவைத்தாங்க சொன்னேன். வெளியூரு" என்றார் காவல்காரர்.

குத்தகைக்காரர் என்னைப் பார்க்கவில்லை. என் தம்பியைப் பார்த்து, "யாருப்பா இவங்க?" என்று கேட்டார்.

மனசுக்குள் தம்பியைக் கெஞ்சினேன். சொல்லுடா, எங்க அக்கான்னு சொல்லு. இந்த ஊருன்னு சொல்லு. ஒருத்தராவது வாயைத் திறந்து அதைச் சொல்ல வேண்டும் என்றுதானே இத்தனை மாதம் நாயாகப் பேயாக அலைந்தேன்.

தம்பி போனைப் பாக்கெட்டில் போட்டான். "விருந்தாளிங்க சார். நம்ம வூட்டுக்கு வந்துக்கிறாங்க" என்றான்.

குத்தகைக்காரர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "அட, விருந்தாளியா! அத்த மொதல்லயே சொல்லக் கூடாதா? வூட்டுக்கு வந்தவங்களப் போயி தடுக்க முடியுமா? போடட்டும்பா. எப்ப வந்தாலும் போடட்டும்." காவல்காரரிடமும் இனிமேல் என்னைக் கேட்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மீனைப் பார்த்து, "நல்ல வெராலும்மா, கொழம்பு வைங்க" என்று வாழ்த்திவிட்டுப் பைக்கில் ஏறிப் போனார். அவர் நல்ல மனிதர்தான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அவர்கள் போனதும் தம்பி ஆகாயத்தில் மிதந்தான். "பாத்தியாக்கா, எப்படி சமாளிச்சேன்! இனிமே நான்கூட வர வேணாம், நீ பாட்டுக்கு வந்து போட்டுக்கோ."

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். எப்போதும் வந்து விழுகிற வார்த்தை ஒன்றும் வரவில்லை, அழுகைதான் வந்தது. அவன் பயந்துவிட்டான். "இன்னாக்கா? அதான் பர்மிஷன் கெடைச்சிடுச்சே?"

"அக்கான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா பாவி."

அவன் புல்லில் கிடந்த குச்சியை எடுத்து என் கையில் கொடுத்தான். பிறகு மெதுவாக, "அக்கான்னு சொல்லியிருந்தா வுட்டுருக்க மாட்டாங்களேக்கா" என்றான்.

அவன் பொய் சொல்லவில்லை. நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்த புழுவைக் கோத்தேன்.